ஓலை மூடிய சொற்கள்

தட்டாம்பொட்டலில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து முதன்முதலாக உப்புக்கல் விழுந்தபோது ஊரில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அந்த ஊரில் உப்பு இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது; தலைமுடியில் உப்பு, குதிகால் வெடிப்பில் உப்பு, கல்யாணப் பட்டுச்சேலையின் மடிப்பில் உப்பு, பெண்கள் அழுதால் கண்ணீர் தாடையைத் தொடுமுன்னே காய்ந்து கன்னத்தில் வெள்ளைக்கோடாக நின்றுவிடும். அப்படிப்பட்ட ஊரில் பால்வாடி வாசலில் நின்ற ஒரு மூன்று வயதுப் பிள்ளை, பறந்து போன தும்பியைப் பார்த்துத் "தும்பி" என்று சொல்ல, அதன் உதட்டிலிருந்து மிளகு அளவில் வெள்ளையாக ஒரு கல் தெறித்து விழுந்தால், யார் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள்?

பால்வாடி டீச்சர் பியூலா மட்டும் குனிந்து அதை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடியதும் அவள் காதுக்குள் அந்தப் பிள்ளையின் குரலே "தும்பி" என்றது. கையைத் திறந்தால் சத்தமில்லை. மூடினால் தும்பி.

பியூலா டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு பூனையைக் காட்டினால் பூனை என்பார்கள், அதன் மீசையைக் காட்டினால் "அது" என்பார்கள், வாலைக் காட்டினாலும் "அது", வயிறு பசித்தாலும் "அது", இருட்டுக்குப் பயந்தாலும் "அது". பிள்ளைகளோடு பேசுங்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்று தாய்மாரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர்களும்தான் பாவம் என்ன செய்வார்கள். விடியுமுன் உப்பளத்துக்குப் போய், பாத்தியில் விளைந்த உப்பை வாருபலகையால் இழுத்துச் சேர்த்து, பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டி, கண் கூசக் கூச வீடு திரும்புகிறவளுக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும். வா, போ, தின்னு, உறங்கு, அடி வாங்குவே: இந்தச் சொற்களை வைத்தே ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூட வயதுவரை ஓட்டிவிடலாம். ஓட்டினார்கள்.

ஆனால் கல் விழ ஆரம்பித்த பிறகு எந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பது தரையில் கிடந்தது. பிள்ளை ஒரு சொல்லைத் தானாகச் சொல்லத் தோன்றி முதல்முறை சொன்னால் ஒரு கல். அதே சொல்லை மறுபடி எத்தனை முறை சொன்னாலும் கல் கிடையாது. விருந்துக்கு வந்த சம்பந்திக்காரி காலில் குத்திய கல்லை எடுத்துக் கையில் வைத்தால் "சனியனே" என்று மழலையில் கேட்கும், வீட்டுக்காரி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒரு வீட்டில் தெரியாத்தனமாக "வேண்டாம்" என்ற கல்லைக் குழம்பில் போட்டுவிட, அன்றைக்கு வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை, நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இன்னும் சிலர் பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹெலிகாப்டர் சொல்லு, ஒட்டகச்சிவிங்கி சொல்லு என்று பிழிந்து பார்த்தார்கள், பிள்ளைகளும் சொல்லின, ஒரு துகள்கூட விழவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து பார்த்து, இது சத்துக் குறைபாடாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். ஊர் அந்த மாத்திரையைக் கோழிக்குப் போட்டது.

சந்தனமாரி வீட்டுத் தரை மட்டும் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அவள் புருஷன் லாரியில் வடக்கே போகிறவன், எப்போதாவது வருவான். மகள் உலகம்மாளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, அடுத்த ஆனியில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவள், ஆனால் தாயை இன்னும் வாய்திறந்து கூப்பிட்டதில்லை. பசித்தால் சேலையைப் பிடித்து இழுப்பாள், கோபம் வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். பெரிய கண், அந்தக் கண்ணால் எல்லாவற்றையும் பார்ப்பாள். மற்ற வீட்டுக்காரிகள் தங்கள் வீட்டுக் கற்களைச் சுளகில் போட்டுக் காட்டும்போது சந்தனமாரி, எனக்கு வேலை கிடக்கு என்று எழுந்து போய்விடுவாள். எந்த வேலையும் கிடக்காது.

ஒரு மத்தியானம், உப்பு அரித்த காலை நீட்டி அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது உலகம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள், பாதியை வழியிலேயே சிந்திவிட்டாள், மீதியை நீட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். விழுந்தது மிளகு அளவில்லை, புளியங்கொட்டை அளவு. சந்தனமாரி டம்ளரைக்கூட வாங்காமல் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு அழுதாள். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து அளத்தில் இடுப்பு ஒடிகிற நேரமெல்லாம் வாருபலகையைச் சாய்த்துவிட்டு முடிச்சைக் கையால் பொத்துவாள், "அம்மா" என்று கேட்கும், மறுபடி குனிந்து வேலை செய்வாள்.

புரட்டாசி பிறந்தது, கிழக்கே மேகம் கட்டியது. ஊரில் ஒழுகாத கூரை இல்லை. தரையெல்லாம் பிள்ளைகளின் சொல் கிடக்கிறது, மழை வந்தால் என்ன ஆகும் என்று ஆளாளுக்குப் பதறினார்கள். அப்போது முன்னால் வந்து நின்றவர் கங்காணி சுயம்புலிங்கம். அளத்தில் ஆள்களை ஏவி வேலை வாங்குகிறவர், நல்ல மனுஷன்தான், ஆனால் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு.

"வெள்ளையா ஒண்ணு தரையில கெடக்கு, மேல மேகம் கட்டுது, பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தா நாம என்ன அளத்துக்காரனுவ? வாரணும், அம்பாரமாக் குவிக்கணும், ஓலை போட்டு மூடணும். தை மாசம் தொறந்து அவனவன் பிள்ளைக்கு அவனவன் எடுத்துக் குடுங்க" என்றார்.

மழைக்கு முன் உப்பைக் குவித்துப் பனையோலையால் மூடுவது அந்த ஊருக்கு மூச்சுவிடுகிற மாதிரி. யோசிக்கவே இல்லை. பியூலாவுக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று இடறியது, ஆனால் பால்வாடிக் கூரையும்தான் ஒழுகியது, அவளும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேளம் மட்டும்தான் இல்லை, மற்றபடி கோயில் கொடைவிழாதான். வீடு வீடாகப் பெருக்கி, கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவி, உரலுக்குப் பின்னால் உருண்டு போனதையெல்லாம் பொறுக்கி, தும்பியையும் மழையையும் பப்படத்தையும் "நான் வரமாட்டேன்" என்பதையும் மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டும்போது அம்பாரம் முழுக்கப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் ஒரு இரைச்சல் கேட்டது, ஓலை மூடியதும் அடங்கிவிட்டது.

சந்தனமாரி கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னாள். கங்காணி அவளுக்கு அருகில் வந்து, முந்தானையில் வேர்வை படப் படக் கரைந்துவிடும் தாயி, இருப்பது ஒன்றே ஒன்று, அதைப் போக்கடித்துவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டார். இருப்பது ஒன்றே ஒன்று என்பதுதான் அவளைச் சாய்த்தது. முடிச்சை அவிழ்த்தாள். அம்பாரத்தின் உச்சியில் அதை வைத்தார்கள், எல்லாவற்றிலும் பெரியது அதுதான்.

அன்றைக்கு ஊர் நன்றாகத் தூங்கியது. பிள்ளைகள் சத்தமே இல்லை. அடேயப்பா, என்ன சமத்து என்று இரண்டு நாள் பெருமைப்பட்டார்கள். அப்புறம்தான் உறைத்தது. பிள்ளைகள் வாயைத் திறக்கும், சொல் இருந்த இடத்தை நாக்கால் தேடும், விழுந்த பல்லின் பள்ளத்தைத் தடவுகிற மாதிரி தடவிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். தும்பி சொன்ன பிள்ளை தும்பியைக் காட்டி "அது" என்றது.

உலகம்மாள் தாயின் முன்னால் வந்து நின்றாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் தாய் தன்னைக் கூப்பிடுகிற சொல்லைக்கொண்டே தாயைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி."

பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள்.  சந்தனமாரி நேரே கங்காணியிடம் போய் ஓலையைப் பிரிக்கச் சொன்னாள். அவர் மேகத்தைக் காட்டினார், ஈரக்காற்றில் பிரித்தால் உன் கல் மட்டுமில்லை, ஊர்ப் பிள்ளைகளுடையது எல்லாம் போகும் என்றார். பியூலா இருவருக்கும் நடுவில் நின்று பேசிப் பார்த்தாள், பேச்சு முடியுமுன் மழை வந்துவிட்டது. சாதாரண மழையில்லை. கடலைத் தூக்கி ஊர்மேல் கவிழ்த்ததுபோல் வந்தது. பாத்தி, வரப்பு, பாதை எல்லாம் ஒரே தண்ணீராகி, வடிந்து, வெயில் எட்டிப் பார்த்த அன்று ஊரே மேட்டுக்கு ஓடியது. பழைய உப்பு அம்பாரங்கள் அத்தனையும் ஓலைக்கடியில் பத்திரமாக இருந்தன. அவை நாள்பட வெயிலில் இறுகிய உப்பு. பிள்ளைகளின் அம்பாரத்தில் ஓலையைத் தூக்கினால் ஈரக் களிமண். சந்தனமாரி அதில் கையை விட்டு முழங்கை வரை தோண்டினாள், வெறும் சேறுதான் வந்தது.

கங்காணி வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயே மேட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் அந்த அம்பாரத்தில் தன் சொற்களை எல்லாம் போட்டவன்தான். யாரும் அவரைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாயங்காலம் பியூலா டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தபோதுதான் வாய் திறந்தார்.

"கரஞ்சது கரஞ்சுட்டு டீச்சர். ஆனா உப்பு அழியாது. தண்ணிக்குள்ள எறங்கிரும், அவ்வளவுதான். மறுபடி எடுக்கணும்னா பாத்தியில தண்ணி பாய்ச்சணும், பாய்ச்சிட்டுப் பொறுத்திருக்கணும். எனக்கு அது மட்டுந்தான் தெரியும்."

"இதுக்கு எந்தத் தண்ணியப் பாய்ச்ச, அண்ணாச்சி?" என்று கேட்டாள், சேற்றுக் கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்த சந்தனமாரி.

அதற்கு பியூலா பதில் சொன்னாள். "நம்ம பேச்சுதான் யக்கா. இத்தன வருசமா பாத்திய வறட்டுப் பாத்தியாப் போட்டுட்டு வெளையல வெளையலன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்."

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. எல்லா வருஷமும் அந்த மாதங்களைக் கடன்பட்டும் கஞ்சி குடித்தும் முகத்தைத் தொங்கப்போட்டும் கழிக்கிற ஊர், அந்த வருஷம் பேசிக் கழித்தது. முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. நான்கு வயதுப் பிள்ளையிடம் போய் என்ன பேசுவது என்று சந்தனமாரி கேட்டதற்கு, கை செய்வதை வாய் சொல்லட்டும் யக்கா என்றாள் பியூலா. அப்படியே ஆரம்பித்தாள். இந்தா வெங்காயம் உரிக்கேன், தோல் வழுக்குது, உள்ளுக்குள்ள இன்னொரு தோல் இருக்கு, கண்ணு எரியுது, அழலை, எரியுது, ரெண்டும் வேற. இந்தா விறகு நனைஞ்சிருக்கு, ஊதுதேன், புகையுது, இருமுதேன். இந்தா மழை விட்டுட்டு, கூரையிலேருந்து சொட்டுது, சொட்டு சட்டியில விழுந்தா டொங்குங்குது, மண்ணுல விழுந்தா சத்தமே இல்ல. வெங்காயமும் விறகும் மழையும் தீர்ந்த பிறகு, அவள் அதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். விடியுமுன் பாத்தியில் நிலா விழுந்து கிடப்பதை, கால் வைத்தால் அது உடைவதை, தை பிறந்ததும் எங்கிருந்தோ பூநாரைகள் வந்து அளத்துத் தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்பதை, அவை மனிதரைப் பார்த்தால் பறக்காமல், போனால் போகிறது என்று இரண்டடி மட்டும் தள்ளி நிற்பதை. சொல்லும்போது அவளும் ஒற்றைக்காலில் நின்று காட்டினாள், தடுமாறி அடுக்குப்பானைமேல் விழுந்தாள், உலகம்மாள் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். சேர்த்து வைத்த பேச்சு அவளிடம் அவ்வளவு இருந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தெருவெல்லாம் அப்படித்தான். கங்காணி பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வேலியில் உள்ள முள்மரம் முதல் கரண்ட் கம்பம் வரை பேர் சொல்லிக்கொண்டு நடந்தார், பேர் தெரியாதவற்றுக்கு அவரே பேர் வைத்தார். பால்வாடியில் பியூலா ஈரத்தரையில் பிள்ளைகளை விரலால் கிறுக்கவிட்டாள், கரித்துண்டைக் கொடுத்துச் சுவரைக் காட்டினாள். கோழி கிளறின மாதிரி இருக்கிறதே, அனா ஆவன்னா எப்போது சொல்லித் தருவீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். பியூலா ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, "என்ன எழுதியிருக்க?" என்று மட்டும் கேட்டாள், அது எதைச் சொன்னாலும் ஓகோ அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். தான் போட்ட கோட்டுக்குத் தன் வாயால் ஒரு சொல் சொன்ன பிள்ளையின் உதட்டிலிருந்து கல் விழுந்தது. கார்த்திகை முடிவதற்குள் தும்பி திரும்பி வந்துவிட்டது. இந்த முறை யாரும் வாரவில்லை. கல் விழுந்த இடத்திலேயே கிடந்தது, பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டும் உருட்டிக்கொண்டும் அலைந்தார்கள், ஒரு சொல்லும் தொலையவில்லை.

உலகம்மாளுக்கும் சொல் வந்தது. சொட்டு வந்தது, புகை வந்தது, நண்டு வந்தது, "நீயும் வா" வந்தது. ஆனால் தாயைக் கூப்பிட இன்னும் "ஏட்டி"தான். சந்தனமாரி எவ்வளவோ பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பிள்ளையை முன்னால் நிறுத்தி, அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று கெஞ்சினாள். உலகம்மாள் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள், அன்று முழுக்க நண்டுகூட வரவில்லை. பிழியாதீங்க யக்கா என்று பியூலா சொன்னாள். சந்தனமாரி பிழிவதை விட்டுவிட்டாள். ஆசையை விடவில்லை, அதை எப்படி விடுவது. பேச்சை மட்டும் பாய்ச்சிக்கொண்டே இருந்தாள்.

தை பிறந்து பாத்தி மிதிக்கிற வேலை வந்தது. வரிசையாக நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு, களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கண்ணாடியாக்க வேண்டும், அப்போதுதான் உப்பு மண் படாமல் வெள்ளையாக விளையும். அந்த வருஷம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள், ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிதித்து முடித்த பாத்தியின் ஓரத்தில் உலகம்மாள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, ஆட்காட்டி விரலால் ஈரக்களியில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள், மேலே வளைத்தாள், நடுவில் ஒரு சுழி போட்டாள். மிதித்த பாத்தியில் காக்காய் நடந்தாலே கல்லெடுத்து எறிகிற சுயம்புலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், தொண்டை வரை வந்ததை விழுங்கினார். என்ன எழுதினாய் என்று கேட்பதற்குள் அவள் எழுந்து ஓடிவிட்டாள். அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரே தண்ணீரைத் திறந்துவிட்டார்.

வெயில் காய்ந்தது, தண்ணீர் வற்றியது. மற்ற பாத்திகளில் உப்பு பூக்குமுன்னே, அந்தப் பாத்தியில் பிள்ளை விரல் கீறிய பள்ளத்தில் மட்டும் உப்பு பிடித்துவிட்டது. தெளிந்த தண்ணீருக்கடியில் வெள்ளை வெளேரென்று ஒரு எழுத்து. ஊர் திரண்டு வந்து வரப்பில் நின்றது. படித்தவன் ஒருவன் அது எந்த எழுத்துமில்லை என்றான், உன்னை யார் கேட்டார்கள் என்று அவனைப் பின்னால் தள்ளினார்கள். ஒருத்திக்கு அது ஓங்காரமாகத் தெரிந்தது, இன்னொருத்திக்குச் சிலுவையாக. கங்காணிக்கு வாருபலகையாகத் தெரிந்தது, அவருக்கு வேறு எப்படித் தெரியும்.

சந்தனமாரி கைநாட்டு. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள். அவள் வரப்பில் முட்டிபோட்டு அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது.

"எனக்குத் தெரியும். எம்பிள்ள அம்மான்னு எழுதிருக்கா" என்றாள்.

 இல்லையென்று சொல்ல யாருக்கு மனது வரும்? பியூலா மட்டும் உலகம்மாளின் பக்கம் குனிந்து, வழக்கம்போலவே, என்ன எழுதியிருக்க என்று கேட்டாள்.

உலகம்மாள் டீச்சரைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்தாள். இவ்வளவு நாள் இத்தனை சொல்லிக் கொடுத்துவிட்டு, இது தெரியவில்லையே என்ற எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

"இல்லம்மா. அது நாரை."

புளியங்கொட்டை அளவில் ஒரு கல் அவள் உதட்டிலிருந்து உருண்டு, அடுத்தாற்போல் மிளகு அளவில் இன்னொன்று உருண்டு, இரண்டும் பாத்தித் தண்ணீரில் விழுந்து எழுத்துக்குப் பக்கத்தில் போய்ப் படிந்தன. என்ன சொன்னோம் என்று உலகம்மாளுக்குத் தெரியவே இல்லை, அவள் நாரையிலேயே இருந்தாள். கங்காணி கையிலிருந்த வாருபலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சந்தனமாரியின் கை பழக்கத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கையை எடுத்துக் கன்னத்து வெள்ளைக்கோட்டைத் துடைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"நாரைன்னா இன்னொரு காலு எங்கட்டி?"

"மடக்கி வச்சிருக்கும்மா" என்றாள் உலகம்மாள். "தண்ணி குளிருதுல்லா."